நான்காவது முறை

காசிமேட்டு ஐஸ் பேக்டரியில்
ரிப்பேருக்குக் கிடந்த இரண்டாம் அறையை
இரவு பதினொன்று முதல் நாலு வரை வாடகைக்கு எடுத்தோம்.
தக்கைச் சுவர், ஒரு முழம் கனம்.
கதவைச் சாத்தினால் கடலே கிடையாது.
மீன்வாடை மைக்கில் ஏறாது என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

எஸ்றா கொண்டுவந்தது யூபோனியம்.
ரயில்வே பேண்டு ஏலத்தில் கழித்துவிட்டது.
வயிற்றில் ஒரு நசுங்கல்,
மூன்றாம் வால்வுக்குத் தையல் மெஷின் எண்ணெய்.
"பழசு வோணும்னியே, இத்தவிடப் பழசுன்னா
எங்க சங்கத்துத் தலைவர்தான்."

வேலையை விளக்கினேன்.
பாட்டு வேண்டாம். ஒரு ஸ்வரம், ஆறு விநாடி, நிறுத்து.
அடுத்த அரை ஸ்வரம், ஆறு விநாடி.
மெதுவாக, நடுவாக, முழு பலத்தோடு.
ஒவ்வொன்றும் நாலு தடவை.
நாலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும்,
ஆனால் வேறுவேறாக இருக்க வேண்டும்.
ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.
"நானும் எங்க வூட்ல கொழம்பு இப்படித்தான் கேக்கறேன்,
அவ கரண்டிய எடுத்துக்கினு வரா."

முதல் இரவு தனி எழுத்து அவருக்கு வரவில்லை.
எஃப் முடிவதற்குள் விரல் ஜிக்கு ஓடியது.
கைக்குட்டையால் விரலை வால்வோடு கட்டினோம்.
"சாவு வூட்ல கூட இவ்ளோ சும்மா நின்னதில்லம்மா."

பக்கத்து அறையின் குளிர் சுவர் வழியே வந்து
பித்தளையில் இறங்கியது.
சுருதி ஒரு மயிரிழை கீழே.
நேர்செய்யவா என்றேன். வேண்டாம்,
அதுதான் விலை என்றான் பணம் போட்ட இர்ஃபான்.

தண்டையார்ப்பேட்டையில்
லாரிகள் ஓயும் நேரமாகப் பார்த்து வெட்டினேன்.
மூன்று வாரம்.
ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு:
உதடு ஒட்டிப் பிரியும் சின்ன ஈரம்,
அப்புறம் நெஞ்சு நிறையும் இழுப்பு.
அதை வெட்ட வேண்டும் என்பது தொழில்.
வெட்டினேன். எறியவில்லை.
'எஸ்றா மூச்சு' என்று ஒரு ஃபோல்டர்.
நானூற்று முப்பத்திரண்டு.

ஆடியில் வியாசர்பாடியிலிருந்து போன் செய்தார்.
பின்னால் பட்டாசு, பறை, பூ கொட்டும் வண்டி.
"ம்மா, டாடா ஏஸ் மேல நான் வாசிக்கிறேன்,
கீழ நான் டீ குடிக்கிறேன்."
எவனோ ஒரு பையன் கீபோர்டில்
எங்கள் பித்தளையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.
"நானும் கூடவே இழுத்துப் புடிச்சிப் பாத்தேன்.
மூச்சு வுடற எடம் வரவேயில்ல.
தல சுத்தி பெஞ்சுல குந்திட்டேன்."
சிரிக்கிறார் என்று நினைத்தேன். இருமல்.

அடுத்த பதிப்பில் ஒரு திருகு வைத்தேன்:
மூச்சு, பூஜ்யம் முதல் நூற்றிருபத்தேழு வரை.
ஸ்வரத்துக்கு இருபது ரூபா குடுத்த, இதுக்கு?
என்று எஸ்றா கேட்டார்.
ஸ்வரமே இல்லாததுக்கு என்ன காசு என்றான் இர்ஃபான்.
அரை நாள் சண்டை. மூச்சுக்குப் பத்து என்று முடிந்தது.
நாலாயிரத்து முன்னூற்று இருபது, ஜிபேயில்.
வாங்குகிறவர்கள் பெரும்பாலும்
திருகைப் பூஜ்யத்திலேயே விட்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் நான் இருவரிடமும் சொல்லவில்லை.
கடைசி இரவு, கடைசி ஸ்வரம்,
அடி பி ஃபிளாட், மெதுவாக, நான்காவது எடுப்பு.
நாலடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.
படகுகள் முந்திக்கொண்டன போல.
முற்றத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினை
யாரோ போட்டுவிட்டார்கள்.
தரை வழியாக வந்த முனகல்
ஸ்வரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
எஸ்றா கண்ணைத் திறந்தார், நிறுத்தவில்லை,
ஆறு விநாடியும் பிடித்தார்.

எந்த ஊரிலோ யாரோ
அந்தக் கட்டையை அழுத்துகிறார். சுத்தம்.
மறுபடி. சுத்தம்.
மூன்றாவதும் சுத்தம்.
நாலாவது அழுத்தலில்
காசிமேட்டில் ஐஸ் உடைகிறது.